உருளும் உருளைகளும் உடையும் தோள்களும்

அதிராம்பட்டினத்தைப் பாராத தமிழர் பலர் இருக்கலாம். கேளாத தமிழர் குறைவு. ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், வானிலை அறிக்கையிலே வரிசையாக வரும் ஊர்ப் பெயர்களில் அதுவும் ஒன்று. நாகப்பட்டினத்தில் இத்தனை செண்டிமீட்டர், வேதாரண்யத்தில் இத்தனை, அதிராம்பட்டினத்தில் இத்தனை! மாடி வீட்டுக்காரருக்கு அது செய்தி. சன்னலைச் சாத்திவிட்டு, சூடாக ஒரு கோப்பை காப்பி கொண்டுவரச் சொல்லுவார். கல்லணைக் கால்வாயின் கடைமடையிலே, கடைசிச் சொட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்து, கடன்பட்டு, களையெடுத்து, கதிர் அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்திலே குவித்து வைத்திருக்கிறானே உழவன், அவனுக்கு அது செய்தியா? நெஞ்சிலே விழும் அடி!

ஏன் நனைகிறது நெல்? வானம் பொழிவதால் என்று விடை சொல்லுவது எளிது. வானம் ஆண்டுதோறும் பொழியும். ஐப்பசியில் பொழியாமல் ஆடியிலா பொழியும்? மழை வருமென்று பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். பஞ்சாங்கம் பார்ப்பவருக்கும் தெரியும். படித்த அதிகாரிக்குத் தெரியாமலா இருக்கும்? நெல் நனைவதற்குக் காரணம், நெல் நகராமல் நிற்பது. நெல் நகராமல் நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் யாரும் பேசாத ஒரு காரணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அந்தக் காரணம், மனிதனின் தோள்.

ஒரு நாளின் எடை

நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்று பெயர். நிலையம் என்றதும் நெடிய மண்டபம் ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள்! பல ஊர்களில் அது ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு தூற்றும் எந்திரம், ஒரு எடை மேடை, ஈரப்பதம் பார்க்கும் ஒரு சிறு கருவி, நாலு தார்ப்பாய். எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்துப் பன்னிரண்டு தோள்கள். நெல்லை அள்ளித் தூற்றுவதற்குத் தோள்; சாக்கிலே பிடித்து எடைமேடைக்குத் தூக்குவதற்குத் தோள்; தைத்த மூட்டையைக் கொண்டுபோய் அட்டி போடுவதற்குத் தோள்; லாரி வந்தால் அட்டியிலிருந்து இறக்கி, பலகையிலே ஏறி, பாரம் ஏற்றுவதற்கும் அதே தோள்!

ஒரு மூட்டை நெல் 40 கிலோ. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிலையத்திலே ஒரு நாளைக்கு 1,000 மூட்டை பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 கிலோ, அதாவது 40 டன். லாரி ஏறும்வரை ஒவ்வொரு மூட்டையும் மூன்று தடவை மனிதன் மீது ஏறி இறங்குகிறது என்று கொண்டால், 120 டன். பத்துப் பேர் வேலை செய்தால், ஆளுக்கு 12 டன்! காலையிலே கஞ்சி குடித்துவிட்டு வந்தவன், மாலைக்குள் ஒரு லாரிப் பாரத்தைத் தன் முதுகெலும்பின் வழியாகக் கடத்திவிட்டு வீடு திரும்புகிறான். மறுநாளும் வருகிறான். பருவம் முடியும்வரை வருகிறான்.

“40 கிலோ ஒரு சுமையா? உலகத் தொழிலாளர் அமைப்பே 55 கிலோ வரை தூக்கலாம் என்றிருக்கிறதே” என்று சட்டம் படித்தவர்கள் எழுந்து நிற்கக்கூடும். ஆம், சொல்லியிருக்கிறது. 1967-ஆம் ஆண்டு, ஒரு தொழிலாளி கையாளத்தக்க உச்ச எடை பற்றி அந்த அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. அதோடு வந்த பரிந்துரையிலே, வளர்ந்த ஆண் ஒருவன் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது என்றது. இந்திய அரசு அந்த உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்தது 2010-இல். 43 ஆண்டுகள் கழித்து! போகட்டும். நான் கேட்பது வேறு. ஒரு மூட்டையின் எடையைச் சட்டம் பார்க்கிறது. ஒரு நாளின் எடையை யார் பார்ப்பது? நாற்பதை முந்நூறு தடவை தூக்கினால் பன்னிரண்டாயிரம். முதுகெலும்புக்குத் தெரிந்த இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு, கோப்புக்குத் தெரியவில்லையே!

உருளை செய்யும் வேலை

இதே தமிழ்நாட்டிலே வேறொரு காட்சியும் உண்டு. சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களிலும், மேற்கே ஓசூரிலும் பெரும் பெரும் கிடங்குகள் எழுந்திருக்கின்றன. தொலைபேசியிலே விரல் வைத்தால் வீட்டு வாசலுக்குச் சட்டை வருகிறது, செருப்பு வருகிறது, சட்டி பானையும் வருகிறது. அந்தப் பெட்டிகளை யார் சுமக்கிறார்கள்? கிடங்குக்குள்ளே பெரும்பகுதித் தொலைவை அவை தாமே கடக்கின்றன! உருளைகள் வரிசையாகப் பதித்த ஒரு பாதை. அதன் மீது பெட்டி வழுக்கிக்கொண்டு போகிறது. ரோலர் கன்வேயர் என்பது அதன் பெயர்.

அதிலே ஒரு நுட்பம் உண்டு. நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய நுட்பம். முன்பெல்லாம் ஒரு பெரிய மோட்டாரை ஓரத்திலே வைத்து, நீண்ட சங்கிலியாலோ பட்டையாலோ பாதை முழுவதையும் சுழற்றினார்கள். பெட்டி இருந்தாலும் சுழலும், இல்லாவிட்டாலும் சுழலும். இப்போது வந்திருப்பது வேறு. உருளையின் வயிற்றுக்குள்ளேயே மோட்டார்! பாதையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு மோட்டார் உருளை வைக்கிறார்கள். பக்கத்து உருளைகளை அது சிறு பட்டைகளால் இழுத்துச் சுழற்றுகிறது. பெட்டி வருவதை ஒளிக்கண் ஒன்று பார்க்கிறது. பார்த்தால் அந்தப் பகுதி மட்டும் சுழலும். பெட்டி கடந்ததும் ஓய்ந்துவிடும். முன்னே ஒரு பெட்டி நின்றால், பின்னே வருவது முட்டி மோதாமல் தன் இடத்திலேயே நிற்கும். பெரும்பாலும் 24 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. ஆகையால் ஆபத்தும் குறைவு, இரைச்சலும் குறைவு, மின்செலவும் குறைவு.

வேலை இருக்கும்போது உழைப்பு, வேலை இல்லாதபோது ஓய்வு! இரும்பு உருளைக்குக் கிடைத்திருக்கிற இந்த உரிமை, எலும்பும் தசையுமான மனிதனுக்குக் கிடைத்துவிட்டதா?

அதிரையிலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும், சிங்கப்பூருக்கும், மலேசியாவுக்கும் போய்ப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கே கிடங்குகளிலும் துறைமுகங்களிலும் வேலை பார்த்து வந்தவர்களைக் கேளுங்கள். பொறி நகர்த்துகிறது, மனிதன் மேற்பார்க்கிறான் என்பார்கள். அண்ணன் அக்கரையிலே பொத்தானை அழுத்துகிறான். தம்பி இக்கரையிலே மூட்டையை அழுத்திச் சுமக்கிறான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்! அறிவிலே வேற்றுமையா? ஆற்றலிலே வேற்றுமையா? அவன் நின்ற இடம் வேறு, இவன் நிற்கும் இடம் வேறு, அவ்வளவே வேற்றுமை.

வயலில் எந்திரம், களத்தில் தோள்

“கிராமத்திலே எந்திரம் எதற்கு? அது பாட்டாளியின் பிழைப்பைக் கெடுக்குமே” என்று பரிவோடு பேசுவோர் உண்டு. அந்தப் பரிவாளர்களை ஒன்று கேட்கிறேன்: எந்திரம் இன்னும் கிராமத்துக்கு வரவில்லையா?

வந்துவிட்டது! உழுவதற்கு டிராக்டர் வந்தது. நடுவதற்கு எந்திரம் வந்தது. அறுவடைக்கு வந்த எந்திரமோ அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை வேறு வைக்கோலை வேறாகத் தள்ளிவிட்டுப் போகிறது. முன்னே ஓர் ஊரின் அறுவடை வாரக்கணக்கில் நடந்தது. அரிவாள் போன வேகத்திலே கட்டு வந்தது. கட்டு வந்த வேகத்திலே களம் நிறைந்தது. களம் நிறைந்த வேகத்திலே காய்ந்தது. இன்று நாலு எந்திரம் வந்தால், நாலைந்து நாளில் ஊர் வயல் மொட்டை! அத்தனை நெல்லும் ஒரே நேரத்தில், அதுவும் ஈரம் உலராமல், கொள்முதல் நிலையத்தின் வாசலிலே வந்து விழுகிறது.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. வயலிலே எந்திரத்தின் வேகம். நிலையத்திலே தோளின் வேகம். அகன்ற ஆறு ஒன்று குறுகிய மதகின் வாயிலே வந்து முட்டினால் என்ன ஆகும்? கரை உடையும். நெல் தேங்குகிறது. தேங்கும் நெல் மழையிலே நனைகிறது. நனைந்த நெல்லிலே ஈரம் 17 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தாண்டினால் வாங்கமாட்டோம் என்கிறது விதி. அந்த விதியைத் தளர்த்தக் கோரி டெல்லிக்கு மடல் போகிறது. டெல்லியிலிருந்து குழு வருகிறது. குழு பார்ப்பதற்குள் நெல் முளைவிடுகிறது!

2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களிலே குவிந்து, மழையில் நனைந்து, முளைத்து நின்ற காட்சியை ஏடுகள் எல்லாம் வெளியிட்டன. வயலில் நனைந்தது இயற்கையின் கொடுமை என்று ஆறுதல் கொள்ளலாம். வாசலுக்கு வந்தபிறகு நனைந்ததற்கு எதைச் சொல்லி ஆறுவது?

கோதுமைக்கு உண்டு, நெல்லுக்கு இல்லை

இந்திய உணவுக் கழகம் பிறந்த கதையை நினைவூட்டுவது நல்லது. 1965-ஆம் ஆண்டு சனவரி 14, பொங்கல் நாளிலே அது தொடங்கியது. தலைமையிடம் சென்னை, முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? தஞ்சாவூரில்! நாட்டின் பசி தீர்க்கும் கழகத்துக்கு முதற்கதவு திறந்தது தஞ்சை மண்.

அதே கழகம் ஒரு தனியார் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தின்படி, 2007-08-இல் பஞ்சாபின் மோகாவிலும் அரியானாவின் கைத்தலிலும் இரண்டிரண்டு லட்சம் டன் கொள்ளும் எஃகுக் குதிர்களைச் செயலுக்குக் கொண்டுவந்தது. அங்கே உழவன் வண்டியிலே கோதுமையைக் கொண்டுவந்து கொட்டுகிறான். மூட்டை இல்லை, தையல் இல்லை, கொக்கி இல்லை. கன்வேயர் ஏற்றுகிறது, குதிர் காக்கிறது, தனி வகை ரயில் பெட்டிகளிலே கோதுமை உதிரியாகவே பயணம் செய்து, சென்னைக்கருகிலும் கோவையிலும் உள்ள குதிர்களுக்கு வந்து சேருகிறது. வடக்கே விளைந்த கோதுமை, தமிழ்நாட்டிலே நனையாமல் வாழ்கிறது. தமிழ்நாட்டிலே விளைந்த நெல், தமிழ்நாட்டிலேயே தார்ப்பாய்க்கடியில் தவிக்கிறது!

பஞ்சாப் உழவன் மீது எனக்குப் பொறாமை இல்லை. அவனும் உழைப்பாளி, அவன் வாழ்க! கோதுமை வேறு, நெல் வேறு என்பதும் தெரியும். உமியோடு கூடிய நெல் சொரசொரப்பானது. குழாய்களையும் பட்டைகளையும் தேய்த்துவிடும். ஈர நெல்லைக் குதிரிலே போட்டால் சூடேறிக் கெடும். முதலில் உலர்த்தியாக வேண்டும். உண்மை. ஆனால் அந்த அறிவு நம்மிடம் இல்லையா? 1960-களிலேயே திருவாரூரில் நவீன அரிசி ஆலை எழுந்தது. வாளித் தூக்கிகளிலே நெல் தானே மேலேறி, உலர்ந்து, அவிந்து, அரிசியாகிக் கீழிறங்கும் ஆலை. அதன் ஆய்வுக் கூடமாகத் தொடங்கியதுதான் வளர்ந்து வளர்ந்து, இன்று தஞ்சையிலே தேசிய உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையமாக நிற்கிறது. ஈர நெல்லைக் காப்பது எப்படி என்று ஆராய்வதற்கு ஒரு நிலையம் தஞ்சையில். ஈர நெல் அழுகுவதும் அதே தஞ்சையில்! விளக்கு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, வீட்டிலே இருட்டும் இருக்கிறது என்றால், கொளுத்த வேண்டிய கை எங்கே போயிற்று?

எந்த வேலைக்கு எந்தப் பொறி?

ஆர்வத்திலே அறிவை இழந்துவிடக் கூடாது. கொள்முதல் நிலையம் தோறும் மோட்டார் உருளைகளைப் பதித்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. உருளைப் பாதைக்கு ஒரு குணம் உண்டு. அடி தட்டையாக, உறுதியாக உள்ள சுமைதான் அதற்கு ஏற்றது. பெட்டி போகும், தட்டு போகும், கூடை போகும். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று உருளைகளாவது சுமையைத் தாங்க வேண்டும். சணல் சாக்கை அதன் மீது போட்டால், உருளைக்கும் உருளைக்கும் நடுவிலே தொந்தி சரிந்து தொங்கி நின்றுவிடும். மூட்டைக்கு ஏற்றது பட்டை. பெல்ட் கன்வேயர் என்று சொல்லுகிறார்களே, அது.

ஆகவே, எடைமேடைக்கும் அட்டிக்கும் நடுவே சக்கரம் வைத்த, தள்ளிச் செல்லத்தக்க பட்டை ஒன்று. அட்டியிலிருந்து லாரியின் வாய்க்கு ஏறும் சாய்வுப் பட்டை ஒன்று. நிலையத்துக்கு இவ்விரண்டே போதும். விண்வெளிக் கலம் கேட்கவில்லை; சிமெண்டு ஆலையிலும் சர்க்கரை ஆலையிலும் எத்தனையோ ஆண்டுகளாக மூட்டை ஏற்றும் பொறியைத்தான் கேட்கிறோம். உருளைகளுக்கும் இடம் உண்டு. நியாயவிலைக் கடைகளுக்குப் பாமாயில் பெட்டிகளும் பருப்புப் பொட்டலங்களும் பிரித்தனுப்பும் கிடங்குகளிலே அவை உருளட்டும். அரிசி மூட்டைகளைத் தட்டுகளிலே அடுக்கினால், கனத்த உருளைகள் அந்தத் தட்டுகளையும் நகர்த்தும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூட்டை லாரி ஏறும் வேகம் கூடினால் மட்டும் போதாது. ஏறுவதற்கு லாரி வரவேண்டும். லாரி போய் இறக்குவதற்குக் கூரையுள்ள கிடங்கு வேண்டும். அரைப்பதற்கு ஆலை வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுதும் வீண். ஆயினும், இந்தச் சங்கிலியிலே மனித எலும்பால் செய்த கண்ணி ஒன்று இருக்கிறது. அது அறுந்தால் ஓசை கேட்பதில்லை. அதனால்தான் அதை முதலில் பேசுகிறேன்.

வேலை போய்விடுமே!

இப்போது இதயமான கேள்விக்கு வருவோம். பட்டை வந்தால் பத்துப் பேர் செய்த வேலையை நாலு பேர் செய்வார்களே, மீதி ஆறு பேர் எங்கே போவார்கள்? நேர்மையான கேள்வி. நேர்மையான விடையை வரலாறு வைத்திருக்கிறது. மூன்று ஏடுகளைப் புரட்டுவோம்.

முதல் ஏடு, உலக்கை. கைக்குத்தல் பிழைப்பைக் காப்பதற்காக 1958-இல் இந்திய அரசு அரிசி ஆலைகளுக்கு உரிமக் கட்டுப்பாடு போட்டுச் சட்டம் செய்தது. எந்திரத்தைத் தடுத்துவிட்டால் ஏழை பிழைத்துக்கொள்வாள் என்ற நினைப்பு. என்ன நடந்தது? ஆலைகள் பெருகின, உலக்கை மூலையிலே சாய்ந்தது, உலக்கை பிடித்த கை வெறுங்கையாயிற்று. 1997-இல் அந்தச் சட்டமும் நீக்கப்பட்டது. தடுக்கத்தான் சட்டம் இருந்தது. தாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் ஏடு, துறைமுகம். 1948-இல் வந்த துறைமுகத் தொழிலாளர் சட்டம், அவர்களைப் பதிவு செய்து, வேலை இல்லாத நாளிலும் வருகைக்கு ஒரு தொகை தரும் முறைக்கு வழி செய்தது. 1983-இல் சென்னைத் துறைமுகத்திலே கொள்கலன் முனையம் வந்தது. இரும்புப் பெட்டி வந்தபின் தோளின் தேவை தேய்ந்தது. பதிவு பெற்றவனுக்குப் பேச ஒரு மேசை இருந்தது, கேட்க ஒரு வாரியம் இருந்தது. பதிவில்லாதவனுக்கு என்ன இருந்தது? வெளிவாசல்!

மூன்றாம் ஏடு, ரிக்‌ஷா. மனிதனை மனிதன் வைத்து இழுக்கும் கொடுமையை 1973-இல் கலைஞர் தலைமையிலான அரசு ஒழித்தது. இழுத்தவர்களைத் தெருவிலே விட்டா ஒழித்தது? கை ரிக்‌ஷாவை வாங்கிக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கையிலே கொடுத்து ஒழித்தது! இழிவு போயிற்று, பிழைப்பு நின்றது. பாடம் அங்கே இருக்கிறது. பொறியைத் தடுக்காதே, பொறியைப் பாட்டாளியின் கையிலே கொடு.

எந்திரம் மனிதனின் பாடு குறைக்க வந்தது என்று, பெரியார் 1940-களிலேயே ‘இனி வரும் உலகம்’ என்ற நூலில் எடுத்துரைத்தார். எந்திரத்தால் மிச்சமாகும் நேரமும் பணமும் யாருக்கு என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை மறைத்துவிட்டுப் பொறி பேசுவோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2015-இல் சாந்தகுமார் குழு உணவுக் கழகத்தைப் பற்றி அறிக்கை தந்தது. கழகத்தின் சொந்தச் சுமைத் தொழிலாளி ஒருவருக்கு மாதச் செலவு சுமார் 79,500 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சுமார் 10,000 ரூபாய் என்றது. உடனே, “பார்த்தீர்களா, மூட்டை தூக்குகிறவனுக்கு எண்பதாயிரமா!” என்று மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். அதே மூட்டையை, அதே எடையை, பத்தாயிரத்துக்குத் தூக்குகிறானே ஒருவன், அவனைப் பார்த்து வியந்தவர் எத்தனை பேர்? கூலியைக் குறைக்க மட்டும் பொறி வருமானால், அது உருளை அல்ல. உழைப்பாளியின் வயிற்றின் மீது ஏறும் உருளி!

இன்னொரு குற்றச்சாட்டும் ஆண்டுதோறும் எழுகிறது. கொள்முதல் நிலையங்களிலே மூட்டைக்கு இவ்வளவு என்று உழவனிடம் கறக்கிறார்கள் என்று. அது தவறு, தடுக்கப்பட வேண்டும். ஆனால் பருவம் முழுதும் நிலையான ஊதியம் இல்லாமல், மூட்டை எண்ணிக்கையை நம்பி ஒருவனை நிறுத்திவிட்டு, மழைக்கு முன் ஏற்றியாக வேண்டும் என்று துடிக்கும் மற்றொருவனை எதிரிலே நிறுத்தினால், ஏழையும் ஏழையும் மோதாமல் என்ன செய்வார்கள்? மோதவிட்டது யார்?

கேட்க வேண்டியதைக் கேட்போம்

உடலுழைப்புத் தொழிலாளருக்கென 1982-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. அதன் வழியே 1999-இல் நல வாரியம் வந்தது. அடித்தளம் இருக்கிறது, அதன் மேல் எழுப்பச் சொல்கிறோம்.

கொள்முதல் நிலையம் ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த தளமும், கூரையும், மின் இணைப்பும், இரண்டு பட்டைப் பொறிகளும் வேண்டும். அந்தப் பொறிகளை ஒப்பந்தக்காரனிடம் ஒப்படைக்காமல், அங்கே சுமந்துகொண்டிருக்கும் தொழிலாளர் குழுவிடமே ஒப்படைக்க வேண்டும். தஞ்சைக் கல்வி நிலையத்திலே அவர்களுக்குப் பயிற்சி தரவேண்டும். பொறி வந்ததைக் காட்டி மூட்டைக் கூலியில் ஒரு காசும் குறைக்கலாகாது. மூட்டை வந்தாலும் வராவிட்டாலும் பருவம் முழுவதற்கும் ஒரு குறைந்தபட்ச ஊதியம் உறுதியாக வேண்டும். பத்துப் பேரில் நாலு பேர் பட்டையை ஓட்டினால், மீதி ஆறு பேர் உலர்த்துவதிலும் தூற்றுவதிலும் தரம் பார்ப்பதிலும் நிற்கட்டும். நெல் நனையாமல் காப்பதற்குக் கைகளா அதிகம்?

“செலவாகுமே” என்பார்கள். ஆகும். ஆண்டுதோறும் நனைந்து முளைத்து வீணாகும் நெல்லுக்குச் செலவில்லையா? நாற்பது வயதிலே முதுகு வளைந்து படுத்துவிடும் மனிதனுக்குச் செலவில்லையா? அந்தச் செலவு கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை; அவன் மனைவியின் தாலிக்கயிற்றில் ஏறுகிறது, அவன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஏறுகிறது.

சுமப்பவன் யார்? நிலமில்லாதவன். அவன் பாட்டனும் சுமந்தான், தகப்பனும் சுமந்தான். சுமக்கப் பிறந்தவன் என்று ஒருவனும் இல்லை என்று ஊர் ஊராகச் சொல்லி வந்திருக்கிறோம். தலை நிமிர்ந்து நில் என்று மேடை மேடையாக முழங்கியிருக்கிறோம். நாற்பது கிலோவைத் தலையிலே வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது எப்படி என்று அவன் திருப்பிக் கேட்டால், விடை சொல்ல வேண்டாமா?

மூட்டையைப் பட்டையிலே ஏற்றுங்கள்; பட்டையின் விசையை அவன் கையிலே கொடுங்கள். அடுத்த சம்பா அறுவடைக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்!